பதிப்பு எண் இல்லாத தீர்ப்பு

மலிவு விலை ரவுட்டரில் மாற்று ஃபர்ம்வேர் ஏற்றுவது வெட்டி வேலை. வேகம் பாதியாகும், பாதுகாப்பு போய்விடும், சட்டச் சிக்கல் வரும். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். இப்படி அடித்துச் சொல்கிறது ஒரு கட்டுரை. எழுதியவர் பலரும் நம்பிப் படிக்கும் தொழில்நுட்ப எழுத்தாளர். அவர் சொன்னால் ரவுட்டரை மாற்றிவிடுகிற குடும்பங்கள் உண்டு. அதனால்தான் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நான்கு முடிவுகளைச் சொல்லியிருக்கிறார். எல்லா வீட்டுக்கும் பொதுவான தீர்ப்பாக நான்கும் தவறு. அவர் தரும் ஆதாரமே அவருக்கு எதிராக நிற்கிறது.

முதலில் அந்தச் சோதனை. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஆர்841என், ஆர்ச்சர் சி6 என்று இரண்டு ரவுட்டர்களில், நிறுவனத்தின் இயக்க மென்பொருளுக்குப் பதிலாக ஓபன்டபிள்யூஆர்டி என்ற மாற்று ஃபர்ம்வேரை ஏற்றினாராம். இரண்டிலும் ஸ்பீட் டெஸ்ட் எண் இறங்கியதாம். எந்தப் பதிப்பு ரவுட்டர், எந்தப் பதிப்பு ஃபர்ம்வேர், எந்த அமைப்புகள் இயங்கின என்பதில் ஒன்றையும் அவர் எழுதவில்லை. இந்தத் துறையில் ஒரு வாரம் புழங்கியவருக்கும் தெரிந்த அடிப்படை இது. ரவுட்டரைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பதிப்பு எண் இருக்கும். மாடல் பெயரைவிட அந்த எண்தான் முக்கியம். 841என் பதின்மூன்றாம் பதிப்பில் 8 மெகாபைட் ஃபிளாஷும் 64 மெகாபைட் ரேமும் உண்டு. அடுத்து வந்த பதினான்காம் பதிப்பில் நிறுவனம் அவற்றை 4, 32 என்று பாதியாக வெட்டிவிட்டது. கடையில் கேட்டால் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். ஆர்ச்சர் சி6 இரண்டாம் பதிப்பில் இருப்பது குவால்காம் சிப். மூன்றாம் பதிப்பில் மீடியாடெக்கின் எம்டி7621. உள்ளே முற்றிலும் வேறு வேறு கருவிகள். எதைச் சோதித்தார் என்றே சொல்லாமல் எப்படித் தீர்ப்பு எழுதினார்?

841என் கதையை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பதின்மூன்றாவதைத் தவிர அந்த மாடலின் பெரும்பாலான பதிப்புகள் 4 மெகாபைட் ஃபிளாஷ், 32 மெகாபைட் ரேம் கொண்டவை. அப்படிப்பட்ட கருவிகளில் எங்கள் ஃபர்ம்வேரை ஏற்றாதீர்கள், இடம் போதாது, நினைவகம் தீர்ந்து நின்றுபோகும் என்று ஓபன்டபிள்யூஆர்டி திட்டமே பல வருடங்களாக எச்சரித்து வருகிறது. இந்தக் கருவிகளுக்கு அதிகாரபூர்வமாக வெளிவந்த கடைசித் தொடர் 19.07. அதற்கான ஆதரவும் 2022-இல் முடிந்துவிட்டது. ஆக, அவர் கையில் இருந்தது இவற்றில் ஒன்று என்றால், ஏற்றாதே என்று திட்டமே சொன்ன கருவியில் காலாவதியான பதிப்பை ஏற்றி, அது திணறியதைப் பார்த்து, திட்டமே மோசம் என்று எழுதியிருக்கிறார். அவர் கையில் இருந்தது பதின்மூன்றாம் பதிப்பு என்றால் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

ஆர்ச்சர் சி6-இல் வேகம் ஏன் பாதியானது? கட்டுரையில் இதற்கு விளக்கமே இல்லை. விளக்கம் இருக்கிறது. வீட்டிலிருந்து வெளியே போகும், வெளியிலிருந்து உள்ளே வரும் ஒவ்வொரு பாக்கெட்டின் முகவரியையும் ரவுட்டர் மாற்றி எழுத வேண்டும். எம்டி7621 போன்ற சிப்களில் இதற்கென்றே தனிச் சுற்று இருக்கிறது. நிறுவனத்தின் ஃபர்ம்வேர் அந்த வேலையைக் கிட்டத்தட்ட முழுக்க அதனிடம் தள்ளிவிடும். ஒவ்வொரு இணைப்பின் முதல் சில பாக்கெட்டுகளைத் தவிர மற்றவற்றைச் செயலி கண்ணாலும் பார்க்காது. ஓபன்டபிள்யூஆர்டியில் அந்தச் சுற்றைப் பயன்படுத்தும் வசதி 2018-இல் வந்த 18.06 பதிப்பிலிருந்தே உண்டு. ஆனால் தொடக்கத்தில் அது அணைந்திருக்கும். ஃபயர்வால் பக்கத்துக்குப் போய் அதை இயக்கிவிட வேண்டும். செய்தால் அந்தச் சிப் கிகாபிட்டை ஒட்டிய வேகத்தைத் தரும். அதை இயக்கினேன் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அவர் சொல்லும் பாதி வேகம், அதை இயக்காமல் செயலியை மட்டும் வைத்து ஓட்டினால் வருகிற எண்ணோடு அப்படியே பொருந்துகிறது. அவரிடம் இருந்தது குவால்காம் சிப் உள்ள இரண்டாம் பதிப்பு என்றால் கதை வேறு. அதில் ஓபன்டபிள்யூஆர்டியால் வன்பொருள் உதவியைப் பெற முடியாது. சில நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் நிறுவனத்தின் ஃபர்ம்வேர்தான் முந்தும். இது உண்மை, எழுத வேண்டிய உண்மை. எந்தப் பதிப்பு என்று சொல்லியிருந்தால் அவருடைய கட்டுரையிலேயே இந்த ஒரு பயனுள்ள தகவலாவது வாசகருக்குக் கிடைத்திருக்கும்.

அந்தச் சில நூறு எம்பிபிஎஸ் எத்தனை வீடுகளுக்கு வருகிறது? நம் ஊரில் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ரவுட்டர் வாங்குகிறவர்கள் என்ன திட்டம் போட்டிருக்கிறார்கள்? ஜியோவில் 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ். ஏர்டெல்லில் 499 ரூபாய்க்கு 40. இந்த வேகத்துக்கு முகவரி மாற்றி எழுத, 580 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒற்றைக் கோர் எம்டி7628 தாராளமாகப் போதும். வன்பொருள் உதவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வீட்டில் ஸ்பீட் டெஸ்ட் எண் மாறாது. ஆர்ச்சர் சி50 பெட்டியில் ஏசி1200 என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதன் பின்னால் உள்ள ஒவ்வொரு போர்ட்டும் 100 எம்பிபிஎஸ்தான். எந்த ஃபர்ம்வேர் ஏற்றினாலும் வெளி இணைப்பு 94, 95-ஐத் தாண்டாது. பட்ஜெட் ரவுட்டர் வாங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த வாசகர் வீட்டுக்கு வராத வேகத்தில் சோதனை செய்து, அந்த வாசகரைப் பயமுறுத்துகிறார்.

இதைவிடப் பெரிய பிழை, வேகம் என்றால் ஸ்பீட் டெஸ்ட் எண் மட்டுமே என்று அவர் எடுத்துக்கொண்டது. நெட் ஸ்லோ என்று வீட்டில் யார் எப்போது சொல்கிறார்கள் என்று கவனித்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். சாயங்காலம் பெண் குழந்தை ஆன்லைன் டியூஷனில் உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் கல்யாண வீடியோவை மேகக்கணிக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறான். மிஸ், கேக்குதா, கேக்குதா என்று அவள் கத்துகிறாள். அந்த நேரத்தில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டினால் எண் மோசமாக இருக்காது. பின் ஏன் குரல் போய்ச் சேரவில்லை?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு முழு பாக்கெட் 1500 பைட், அதாவது 12,000 பிட். அப்லோட் 10 எம்பிபிஎஸ் என்றால் ஒரு பாக்கெட் வெளியேற 1.2 மில்லி செகண்ட் ஆகும். ரவுட்டருக்குள் ஓடும் லினக்ஸில், வெளியேறக் காத்திருக்கும் பாக்கெட்டுகளின் வரிசைக்கு நீண்ட காலம் வழக்கமாக இருந்த நீளம் 1000 பாக்கெட். அண்ணனின் வீடியோ அந்த வரிசையை நிரப்பிவிட்டால், தங்கையின் குரலைச் சுமந்து வரும் சின்ன பாக்கெட் அத்தனைக்கும் பின்னால் 1.2 செகண்ட் காத்து நிற்கும். தொலைபேசி உரையாடல் இயல்பாக இருக்க ஒருவழித் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. எட்டு மடங்கு தாமதத்தில் யாரும் பாடம் படிக்க முடியாது. இணைப்பை 100 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் அப்லோடை நிரப்ப ஒரு வீடியோ போதும். வரிசை மறுபடி நிரம்பும். வைஃபையில் நிலைமை இன்னும் மோசம். தூரத்து அறையில் சிக்னல் தேய்ந்து இணைப்பு வேகம் 6 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கும்போது அதே வரிசையில் காத்திருக்கும் நேரம் இன்னும் நீளமாகிவிடும்.

இந்த நோய்க்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் இதைத் தன் வீட்டு இணைப்பிலேயே கண்டு, விடாமல் எழுதி, உலகத்தைக் கவனிக்க வைத்தார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசையின் நீளத்தை அளக்காமல், ஒரு பாக்கெட் அதில் எவ்வளவு நேரம் நின்றது என்று அளப்பதுதான் அதன் சூட்சுமம். எரிக் டூமாசே அதோடு ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை கொடுக்கும் ஏற்பாட்டைச் சேர்க்க, எஃப்கியூ-கோடெல் பிறந்தது. அண்ணனின் வீடியோ தன் வரிசையில் நிற்கும். தங்கையின் குரல் தன் வழியில் போய்விடும். 2018-இல் இது ஆர்எஃப்சி வரிசையில் சோதனைநிலை ஆவணமாக வந்தது. அதே ஆண்டு இதன் அடுத்த கட்டமான கேக் லினக்ஸ் 4.19-இல் சேர்ந்தது.

இந்த வேலையெல்லாம் எங்கே நடந்தது என்று கட்டுரையாளர் தெரிந்துகொள்ள வேண்டும். மறைந்த டேவ் டாட்டும் அவருடைய தோழர்களும் நெட்கியர் டபிள்யூஎன்டிஆர்3700, 3800 என்ற வீட்டு ரவுட்டர்களில் செரோடபிள்யூஆர்டி என்ற மாற்று ஃபர்ம்வேரை ஏற்றித்தான் இதைச் சோதித்துச் செதுக்கினார்கள். செரோடபிள்யூஆர்டி, ஓபன்டபிள்யூஆர்டியிலிருந்து கிளைத்தது. இன்று உலகம் முழுவதும் லினக்ஸ் சர்வர்களில் ஓடும் ஒரு முறை, வெட்டி வேலை என்று இவர் ஒதுக்கும் இடத்தில்தான் வளர்ந்தது. வைஃபையிலும் அப்படியே. மெதுவான ஒரு பழைய போன் காற்றலை நேரத்தை விழுங்கி மற்ற எல்லாரையும் தன் வேகத்துக்கு இழுக்கும் கோளாறுக்கு, டோக்கே ஹொய்லாண்ட்-யோர்கென்சனும் மற்றவர்களும் 2017-இல் ஒரு தீர்வை யுசெனிக்ஸ் மாநாட்டில் முன்வைத்தார்கள். பழைய ஆதெரோஸ் சிப்களுக்கான ஏடிஎச்9கே டிரைவரில் அது சேர்ந்தது. அந்தச் சிப் உள்ள மலிவு ரவுட்டர்களுக்கு ஓபன்டபிள்யூஆர்டி வழியாக அது இலவசமாக வந்து சேர்ந்தது. அவற்றை விற்ற நிறுவனங்கள் தம் ஃபர்ம்வேரில் இதைச் சேர்க்க எந்த அக்கறையும் காட்டவில்லை.

வீட்டில் இந்த வைத்தியத்தைப் பெற, ஓபன்டபிள்யூஆர்டியில் எஸ்கியூஎம் என்ற தொகுப்பை நிறுவி, கேக்கைத் தேர்ந்தெடுத்து, இணைப்பு வேகத்தில் 90 முதல் 95 சதவீதத்தை எல்லையாக வைக்க வேண்டும். அப்போதுதான் வரிசை நம் ரவுட்டருக்குள் உருவாகும். நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டிக்குள் உருவானால் நம் கட்டுப்பாட்டில் இருக்காது. 40 எம்பிபிஎஸ் இணைப்பில் ஸ்பீட் டெஸ்ட் 36 முதல் 38 வரை காட்டும். அந்த விலைக்கு, அண்ணன் வீடியோ ஏற்றும்போதே தங்கை பாடம் படிக்க முடிகிறது. கட்டுரையாளரின் அளவுகோலில் இது வேகக் குறைவு என்று பதிவாகும். வைத்தியத்தையே நோயாகக் கணக்கிடும் அளவுகோல் அது.

இந்த வைத்தியத்துக்கு எல்லை உண்டு. கேக் ஒவ்வொரு பாக்கெட்டையும் செயலியின் கையில் கொடுத்துதான் வேலை செய்யும்; வன்பொருள் சுற்றும் கேக்கும் ஒன்றாக ஓடாது. 300 எம்பிபிஎஸ் இணைப்பில் எம்டி7621-ஐ வைத்துக்கொண்டு இதை எதிர்பார்க்கக் கூடாது. அதற்கு வலுவான செயலி வேண்டும். நிறுவனத்தின் ஃபர்ம்வேருக்கும் இதே கட்டுப்பாடுதான். அதில் இருக்கும் க்யூஓஎஸ் என்ற முன்னுரிமை வசதியை இயக்கினால், நேட் பூஸ்ட் என்ற வன்பொருள் உதவி அணைந்து வேகம் விழும். அந்த ஒப்பீட்டையும் அவர் செய்யவில்லை.

அடுத்து பாதுகாப்பு. நிறுவனங்களுக்குத் தங்கள் கருவி தெரியும், பொழுதுபோக்காளர்களை நம்பாதீர்கள் என்கிறார். இந்த இடத்தில்தான் கட்டுரை வாசகருக்கு நேரடியாகத் தீங்கு செய்கிறது. ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் எஃப்கேஐஇ ஆய்வகம் 2020-இல் 7 நிறுவனங்களின் 127 வீட்டு ரவுட்டர்களின் ஃபர்ம்வேரைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. 46 ரவுட்டர்களுக்கு அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்புகூட வந்திருக்கவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லினக்ஸ் 2.6.36 அல்லது அதற்கும் பழைய கெர்னலில் ஓடிக்கொண்டிருந்தன. 2.6.36-க்குக் கடைசிப் பாதுகாப்புத் திருத்தம் வந்தது 2011-இல். தங்கள் கருவியைத் தெரிந்த நிறுவனங்கள் செய்த காரியம் இது.

மறுபக்கத்தைப் பாருங்கள். வைஃபையின் டபிள்யூபிஏ2 பாதுகாப்பையே உடைத்த கிராக் தாக்குதல் 2017 அக்டோபர் 16 அன்று வெளியானது. அப்போது ஓபன்டபிள்யூஆர்டியிலிருந்து பிரிந்து லீட் என்ற பெயரில் இயங்கிய குழு, திருத்தத்தோடு 17.01.4 பதிப்பை அக்டோபர் 18 அன்று வெளியிட்டது. இரண்டே நாள். 2021 ஜனவரியில் ரவுட்டர்களில் ஓடும் டிஎன்எஸ்மாஸ்க் மென்பொருளின் ஓட்டைகள் வெளியானபோதும் அதே வேகத்தில் 19.07.6 வந்தது. இதைச் செய்தவர்களைத்தான் நம்பாதீர்கள் என்கிறார்.

நிறுவன ஃபர்ம்வேர் என்று அவர் போற்றுவது என்ன? லின்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி 2002 இறுதியில் வந்தபோது அதற்குள் லினக்ஸ் இருந்தது. ஜிபிஎல் உரிமத்தின்படி 2003-இல் மூலநிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அதிலிருந்துதான் 2004-இல் ஓபன்டபிள்யூஆர்டி தொடங்கியது. இன்று குவால்காம் ரவுட்டர் நிறுவனங்களுக்குக் கொடுக்கும் மென்பொருள் தொகுப்பு ஓபன்டபிள்யூஆர்டியை அடிப்படையாகக் கொண்டது. ஷாவ்மியின் மிவைஃபையும் அதிலிருந்து வந்ததுதான். நிறுவனம் தன்னுடையது என்று விற்பது பல நேரங்களில் பழைய ஓபன்டபிள்யூஆர்டி. மேலே ஒரு வண்ணப் பக்கம், உள்ளே திருத்தப்படாத ஓட்டைகள்.

இதன் விலை கண்முன்னே இருக்கிறது. 2025 ஜூனில் அமெரிக்க சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, தாக்குதலாளர்கள் நடைமுறையில் பயன்படுத்திவரும் ஓட்டைகளின் பட்டியலில் டிபி-லிங்க் ரவுட்டர்களின் ஓர் ஓட்டையைச் சேர்த்தது. பாதிக்கப்பட்டவற்றில் 841என் எட்டாம், பத்தாம் பதிப்புகள் உண்டு. அவர் சோதித்த அதே மாடல் பெயர். அந்தப் பதிப்புகளை ஓபன்டபிள்யூஆர்டியாலும் காப்பாற்ற முடியாது என்பதை மேலேயே சொன்னேன். இந்த மாடலைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுவன ஃபர்ம்வேரிலேயே இருங்கள், அதுதான் பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறார். எட்டாம் பதிப்பு வைத்திருக்கும் ஒருவர் அதை நம்பினால் என்ன ஆகும் என்று யோசித்தாரா?

சட்டம் பற்றிய பத்தியில் நீளமாகப் பேச ஒன்றுமில்லை. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் விதிகளைக் காட்டி, மாற்று ஃபர்ம்வேர் தடை செய்யப்பட்டது என்கிறார். நடந்தது கிட்டத்தட்ட இதற்கு எதிரானது. 5 கிகாஹெர்ட்ஸ் விதிகளைச் சாக்கிட்டு நிறுவனங்கள் ரவுட்டர்களைப் பூட்டத் தொடங்கின. 2016-இல் அலைச் சக்தி மீறலுக்காக டிபி-லிங்க் 2 லட்சம் டாலர் கட்டி ஆணையத்தோடு சமரசம் செய்துகொண்டபோது, மூன்றாம் தரப்பு ஃபர்ம்வேரை அனுமதிக்க வழிசெய்வதாகவும் அதே ஒப்பந்தத்தில் ஏற்றது. நம் ஊரில் செய்ய வேண்டியது, நாட்டுக் குறியீட்டை இந்தியா என்று வைத்து அந்த எல்லைக்குள் இருப்பது. சிக்னலைக் கூட்டலாம் என்று நாட்டுக் குறியீட்டை மாற்றிச் சக்தியை ஏற்றச் சொல்லும் ஆட்களை நானும் கண்டிக்கிறேன். அது சட்ட மீறல், பயனும் இல்லை. ரவுட்டர் உரக்கப் பேசினாலும் தூரத்து அறையில் இருக்கும் போன் பழைய குரலில்தான் பதில் சொல்லும்.

ரவுட்டர் பிரிக் ஆகிவிடும், அதாவது செத்துவிடும் என்று அவர் காட்டும் பயத்துக்கு ஓரளவு அடிப்படை உண்டு. தவறான கோப்பை ஏற்றினால் ரவுட்டர் எழாது. ஆனால் பல டிபி-லிங்க் மாடல்களில் மீட்பு வழி உள்ளேயே இருக்கிறது. கேபிளால் கணினியை இணைத்து, அதன் முகவரியை 192.168.0.66 என்று வைத்து, டிஎஃப்டிபி சர்வரில் சரியான பெயரில் கோப்பை வைத்து, ரீசெட் பொத்தானை அழுத்தியபடி ரவுட்டரை ஆன் செய்தால் அதுவே கோப்பை இழுத்துக்கொள்ளும். மாடலுக்கு மாடல் முகவரியும் கோப்புப் பெயரும் மாறும், படித்துவிட்டுச் செய்ய வேண்டும். பிராட்காம் சிப் உள்ள ரவுட்டர்களில் வைஃபை டிரைவரின் மூலநிரல் பெரும்பாலும் மூடியே இருக்கிறது, அவற்றை விட்டுவிடலாம். இணைய நிறுவனம் கொடுக்கும் ஃபைபர் பெட்டியிலும் கைவைக்க வேண்டாம், அதன் பின்னால் நம் ரவுட்டரைப் போட்டால் போதும். இந்த விவரங்களைத் தந்திருந்தால் அவருடைய எச்சரிக்கை யாருக்காவது உதவியிருக்கும். செத்துவிடும் என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிட்டார்.

கடைசியாக, புதிது வாங்குங்கள் என்ற அறிவுரை. சில வீடுகளுக்கு அது சரி. 4 மெகாபைட் ரவுட்டர் வைத்திருப்பவர் மாற்றத்தான் வேண்டும். ஆனால் புதிதாக வாங்கும் மலிவு ரவுட்டருக்கும் அதே நிறுவனம்தான் அதே முறையில் புதுப்பிப்பை நிறுத்தும். வைஃபை 6 என்று எழுதிய பெட்டிக்குள் வரிசை நிரம்பினால் குரல் அதேபோல் காத்து நிற்கும். டிபி-லிங்க் ஆர்ச்சர் ஏஎக்ஸ்21 வைஃபை 6 ரவுட்டர்தான்; 2023-இல், கருவிகளைக் கைப்பற்றி அடிமையாக்கும் மிராய் போட்நெட் அதன் ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. வாங்குகிறவர் பார்க்க வேண்டியது, ஓபன்டபிள்யூஆர்டியின் கருவிப் பட்டியலில் அந்த மாடலும் அந்தப் பதிப்பு எண்ணும் இருக்கின்றனவா, ஃபிளாஷ் 16 மெகாபைட்டும் ரேம் 128 மெகாபைட்டும் உண்டா என்பதை. பத்து நிமிட வேலை. அதைச் சொல்லிக்கொடுக்காமல் விலையை மட்டும் சொல்கிறார்.

ஆர்ச்சர் சி6 மூன்றாம் பதிப்பில் சரியாக அந்த 16-உம் 128-உம் இருக்கின்றன. 2025 பிப்ரவரியில் வந்த 24.10 பதிப்பு அதில் ஓடுகிறது. வீட்டில் அது இருந்தால் இவர் பேச்சைக் கேட்டு யாரும் அதைப் பழைய சாமான் கடையில் போட வேண்டாம்.